பீர்க்கு பூக்கும் நேரம்

(மதுரையில் வாசகர் வட்டம் ஒன்றின் சித்திரை மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு புகார். கோடைத் தோட்டத்தைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டுவிட்டுக் கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு வைத்திருக்கிறீர்கள். சித்திரை மாதத்தில் ஆறு மணிக்குத் தோட்டம் வைத்திருப்பவர் யாரும் வீட்டை விட்டு நகரமாட்டார். பீர்க்கு பூக்கிற நேரம் இது. மல்லி மொக்கு வாய் திறக்கப்போகிற நேரம். ஆகவே இந்த அவையில் தோட்டக்காரர்கள் அதிகம் இருக்க வாய்ப்பில்லை. அதில் எனக்கு ஒரு வசதி இருக்கிறது. மறுத்துப் பேச ஆள் இல்லை.

விளையாட்டாகச் சொன்னாலும் நான் சொல்ல வந்தது முழுவதும் இந்தப் புகாருக்குள் இருக்கிறது. வீட்டுத் தோட்டம் பற்றி யார் பேசினாலும் விளைச்சலைத்தான் பேசுகிறார்கள். எத்தனை கிலோ வெண்டை, எத்தனை கட்டுக் கீரை, மாதம் எவ்வளவு மிச்சம். எனக்கு அந்தக் கணக்கில் அக்கறை குறைவு. நான் நேரத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். கோடையில் தோட்டம் பகலின் இரண்டு முனைகளில் விழித்திருக்கிறது. நடுவில் ஆறு மணி நேரம் அதற்கு நாம் தேவையில்லை. அந்த இரண்டு முனைகளில் நாம் அங்கே இருந்தோமா என்பதைப் பொறுத்துத்தான் தோட்டம் இன்பமா, இன்னொரு வீட்டு வேலையா என்பது முடிவாகிறது.

“கோடையில் தோட்டமா, குடிக்கவே தண்ணீரைக் காணோம்” என்பீர்கள். பிறகு தண்ணீர்ப் பேச்சுக்கு வருகிறேன். அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். அதற்கு முன் ஒன்று. ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்லிச் சொல்லி மற்றப் பட்டங்களை நகரத்தில் இருப்பவர்கள் மறந்தே போய்விட்டோம். தைப்பட்டம் உண்டு, மாசிப்பட்டம் உண்டு, சித்திரைப்பட்டமும் உண்டு. மாசியில் ஊன்றிய வெண்டை சுமார் 45 நாளில் முதல் காய் கொடுக்கும். ஆக, சித்திரை பிறக்கும்போது ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்க வேண்டியிருக்கும். கொத்தவரைக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை. பாகல், புடலை, பீர்க்கு, சுரை, வெள்ளரி எல்லாம் சூட்டில் துள்ளிப் படர்கிற இனங்கள். தண்டுக்கீரையும் சிறுகீரையும் மூன்று, நான்கு வாரத்தில் பிடுங்க வந்துவிடும். கொடிப்பசலையை ஒரு மூலையில் ஏற்றிவிட்டால் அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். செடிமுருங்கை வைத்திருப்பவர்களுக்குக் காய் தொங்குகிற காலம் இது. பூவில் குண்டுமல்லி, கனகாம்பரம், அரளி, செம்பருத்தி, வாடாமல்லி, கோழிக்கொண்டை, நித்தியகல்யாணி. இவற்றில் நித்தியகல்யாணியை யாரும் மதிப்பதில்லை. மடகாஸ்கரிலிருந்து வந்த செடி. சுவர் வெடிப்பில்கூட முளைத்து, கத்திரி வெயிலிலும் பூத்துக்கொண்டிருக்கும். இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற வின்கிரிஸ்டின் என்ற மருந்து இதிலிருந்துதான் வந்தது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நர்சரியில் ஏதோ ஒரு இங்கிலீஷ் ரோஜாவை வாங்கி வந்து வைகாசிக்குள் சாகடிக்கிறோம்.

கோடைக்கு ஆகாதவை எவை என்பதையும் சொல்ல வேண்டும். தக்காளியை விட்டுவிடுங்கள். செடி நன்றாகத்தான் இருக்கும், பூவும் எடுக்கும், பூ மட்டும் உதிர்ந்துகொண்டே இருக்கும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் போனால் அதன் மகரந்தம் வீரியம் இழந்துவிடுகிறது. மோர் தெளித்தும் பயனில்லை, பெருங்காயம் கரைத்து ஊற்றியும் பயனில்லை. மே மாத மதுரையில் தக்காளிக்காக மெனக்கெடுவதைவிட அந்தத் தொட்டியில் நாலு வெண்டை போடலாம்.

பந்தல் அவரையும் சாமந்தியும் வேறு ரகம். இவற்றுக்குப் பிரச்சினை வெயிலே இல்லை, பகலின் நீளம். நம் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். நமக்கு அது தெரியாது, கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரியும். பழைய பந்தல் அவரைக்குத் தெரிகிறது. பகல் சுருங்கி, இரவு நீளத் தொடங்கிய பிறகுதான் அது பூவெடுக்கும். மார்கழி, தையில் சாக்குச் சாக்காகக் காய்க்கும். சித்திரையில் அதற்கு எவ்வளவு எரு போட்டாலும் இலையாகத்தான் தள்ளும். பூ வரவில்லை என்று அதைத் திட்டுவதில் பொருளில்லை.

செடிகளுக்கு நேரம் தெரியும் என்பதை ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் ஒரு வேடிக்கையான யோசனையாக ஆக்கினார். 1751-இல் வெளிவந்த ‘பிலாசஃபியா பொட்டானிகா’ என்ற நூலில், எந்தெந்தப் பூ எத்தனை மணிக்கு விரிகிறது, எத்தனை மணிக்கு மூடுகிறது என்று பட்டியல் போட்டு, பூக்களாலேயே ஒரு கடிகாரம் அமைக்கலாம் என்றார். அவருடைய பட்டியல் உப்சாலா நகரத்துக்கு உரியது. கோடையில் இரவே சரியாக வராத ஊர் அது; நமக்கு உதவாது. நம் பட்டியலை நாமே போட்டுக்கொள்ளலாம். மிகவும் எளிது, கோடையில் பூக்கிற காய்கறிகளே போதும்.

விடிவதற்கு முன்பே பூசணி பூத்துவிடுகிறது. ஐந்தரை, ஆறு மணிக்குப் போனால் கையகலத்தில் மஞ்சள் பூ. எட்டு, ஒன்பது மணிக்குள் வாடிச் சுருங்கிவிடும். எட்டரைக்கு எழுந்திருப்பவர் ஆயுளில் ஒரு பூசணிப்பூவை முழுதாகப் பார்க்க மாட்டார். மார்கழியில் வாசல் கோலத்தில் வைத்துப் பார்த்ததோடு சரி. பாகலும் வெள்ளரியும் காலைப் பூக்கள். பாகற்பூவுக்கு மெல்லிய வாசனை உண்டு என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. கசப்பு என்ற பேர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. வெயில் ஏறுகிறபோது வெண்டை விரிகிறது. இளமஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்பு. செம்பருத்திக் குடும்பம் என்பது பூவைப் பார்த்தாலே தெரியும். பிற்பகலில் அதுவும் சுருண்டுவிடும். ஒன்பது, பத்து மணிக்கு டேபிள் ரோஸ். பத்துமணிப்பூ என்றும் சொல்கிறார்கள். நேர் வெயில் பட்டால்தான் அது கண் திறக்கும்.

அதற்குப் பிறகு தோட்டத்துக்குள் போகாதீர்கள். பன்னிரண்டு மணிக்கு ஜன்னல் வழியே பார்த்தால் பூசணி இலையும் சுரை இலையும் குடை மடக்கியதுபோல் தொங்கும். பார்க்கிறவருக்கு மனம் பதைக்கும். உடனே ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடுவார். வேண்டாம். அந்த அகலமான இலைகள் வெளியே விடுகிற நீரின் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். மண்ணில் ஈரம் இருந்தாலும் நண்பகலில் அப்படித்தான் தொங்கும். ஐந்து மணிக்குத் தானே நிமிர்ந்துகொள்ளும். காலையில் எழுந்து பார்க்கும்போதும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். நண்பகல் வாட்டத்தைப் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றி வேரழுகலில் செடியை இழந்த வீடுகள் ஏராளம். கோடையில் செடிகள் தாகத்தில் சாவதைவிட நம் பரிதாபத்தில் சாவது அதிகமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நான்கு, நாலரைக்குத் தோட்டம் மறுபடி விழிக்கிறது. முதலில் அந்திமந்தாரை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் கொல்லைப்புறங்களைச் சொந்தமாக்கிக்கொண்ட செடி. ஒரே செடியில் இளஞ்சிவப்பும் மஞ்சளும், சில சமயம் ஒரே பூவில் இரண்டு நிறமும் கலந்து வரும். அது விரிந்து சிறிது நேரத்தில் பீர்க்கு. இதற்காகத்தான் இந்தப் பேச்சுக்கே இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கினேன். கொடி வகைகளில் காலைப் பூக்களும் உண்டு, மாலைப் பூக்களும் உண்டு. பீர்க்கு மாலைக் கட்சி. ஐந்து மணிக்குப் பச்சையாக இருந்த பந்தல், ஆறரைக்குள் மஞ்சளாகிவிடும். நீங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கலாம். மொட்டு தளர்கிறது, ஒரு இதழ் பிரிகிறது, அடுத்தது பிரிகிறது. தொலைக்காட்சியில் வேகப்படுத்திக் காட்டுவார்களே, அதை வேகப்படுத்தாமலே பார்க்கிற வாய்ப்பு வீட்டுக் கொல்லையில் கிடைக்கிறது. நல்ல நறுமணமும் உண்டு. பீர்க்கங்காயைக் காய்கறிக் கடையில் மட்டும் பார்த்தவருக்கு அந்த மணம் தெரிய வழியில்லை. நார்ப்பீர்க்கு இருக்கிறதே, முற்றினால் உடம்பு தேய்க்க நார் எடுப்போமே, அது நெருங்கிய உறவுதான், ஆனால் காலையில் பூக்கும். அண்ணன் தம்பிக்குள் இப்படி.

பீர்க்குக்குப் பின்னால் சுரை, அதற்கும் பின்னால் புடலை. இரண்டும் வெள்ளைப் பூ. சுரைப்பூ அகலமாக, துணி கசங்கியது மாதிரி இருக்கும். புடலைப்பூவின் இதழ் ஓரத்தில் நூல் நூலாக வெண்சரிகை வைத்துத் தைத்திருக்கும். நம் நாட்டுக் காய்ப்பூக்களில் அதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. அதை யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் இருட்டிய பிறகுதான் அது முழுதாக விரிகிறது. டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வெள்ளை நிறமும் மாலை மணமும் நமக்காக ஏற்பட்டவை அல்ல. இருட்டில் பறக்கிற அந்துப்பூச்சிகளுக்கு வெள்ளைதான் எளிதில் தெரியும், மணம்தான் வழிகாட்டும். நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டிக்கொண்டு, அந்தரத்தில் நின்றபடி தேன் குடிக்கிற பெரிய அந்துப்பூச்சியை ஒரு தடவை சுரைப்பந்தலில் பார்த்துவிட்டால் தேன்சிட்டுத்தானோ என்று மயங்குவீர்கள்.

நகரத்தில் அந்தப் பூச்சிகள் குறைவு. அதனால் ஏழு மணி வேலை ஒன்று வீட்டுக்காரருக்கு வந்து சேர்கிறது. கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் பிஞ்சு வடிவம் சின்னதாகத் தெரியும், ஆண் பூ வெறும் காம்பில் நிற்கும். முதலில் வருவதெல்லாம் ஆண் பூக்கள். சூடு கூடினால் ஆண் பூக்களின் கை இன்னும் ஓங்கும். அவை பூத்து உதிர்வதைப் பார்த்துவிட்டு, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று பந்தலில் பழைய செருப்பைக் கட்டுகிறவர்கள் உண்டு. பத்து நாள் கழித்துப் பெண் பூ வந்து காய் பிடிக்கும். பெயர் செருப்புக்குப் போகும். பெண் பூ வந்தும் பிஞ்சு மஞ்சளித்து விழுந்தால்தான் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். அப்போது ஒரு ஆண் பூவைக் கிள்ளி, இதழை நீக்கிவிட்டு, பெண் பூவின் நடுவில் மெல்லத் தொட்டு வைக்க வேண்டும். பூசணிக்கும் பாகலுக்கும் காலையில், பீர்க்குக்கும் சுரைக்கும் புடலைக்கும் மாலையில். பத்து வயதுப் பிள்ளைகள் இதை நம்மைவிட நன்றாகச் செய்வார்கள். கோடை விடுமுறையில் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். தாங்கள் தொட்ட பூ காயாகிறதா என்று மறுநாள் முதல் போய்ப் பார்ப்பார்கள். தாவரவியல் பாடத்தில் படம் வரைந்து பாகம் குறித்ததைவிட இது கூடுதல் நாள் மனத்தில் நிற்கும்.

மதுரையில் நின்றுகொண்டு மல்லியைப் பற்றி நான் பேசுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் அதன் விலையை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். ஆனால் வீட்டில் இரண்டு மல்லிச்செடி இருப்பதற்கும் கடையில் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். விற்பனைக்கு வளர்ப்பவர் அதிகாலையிலேயே மொக்கைப் பறித்தாக வேண்டும். சந்தைக்குப் போய், ஏலம் போய், கைமாறி, தொடுத்து, மாலையில் உங்களிடம் வரும்போது அந்த மொக்கு செடியை விட்டுப் பிரிந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். வீட்டுச் செடியில் அதே மொக்கு அன்று முழுவதும் செடியிலேயே இருந்து பருக்கிறது. ஐந்து மணிக்குப் பறித்து, திண்ணையில் உட்கார்ந்து வாழைநாரில் தொடுத்துக்கொண்டிருக்கும்போதே முதலில் பறித்தது விரிய ஆரம்பித்துவிடும். எந்தக் கடையும் இதை விற்க முடியாது. விற்பதற்கு அவகாசமே இல்லை. செடியில் நாலு மொக்கைப் பறிக்காமல் விட்டுவிடுங்கள். இரவு எட்டு மணிக்குக் கரண்ட் போனால் அது எங்கே இருக்கிறது என்று மூக்கு சொல்லும்.

இந்தப் பூவுக்காகக் கோடையில் செய்ய வேண்டியது குறைவு. வேலை கார்த்திகையிலேயே முடிந்திருக்க வேண்டும். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மொத்தச் செடியையும் வெட்டிவிட வேண்டும். கவாத்துக்குப் பயந்தவருக்கு மல்லி கிடையாது. பூ புதுக் கிளையின் நுனியில்தான் வரும். பழைய கிளையைப் பாதுகாத்து வைத்தால் இலைதான் பாதுகாப்பாக இருக்கும். அப்படி வெட்டிய செடி மாசி, பங்குனியில் மொக்கு விடத் தொடங்கி, சித்திரையிலும் வைகாசியிலும் உச்சத்துக்குப் போகிறது. ஊரே சுருண்டு கிடக்கிற நேரத்தில் இந்த ஒரு செடிக்கு மட்டும் திருவிழா.

சரி, தண்ணீர். 2019 ஜூனில் சென்னைக்கு நீர் கொடுக்கிற ஏரிகள் ஏறக்குறைய வறண்டுபோய், லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு தெருத்தெருவாக மக்கள் நின்றதைப் பார்த்தோம். அப்படிப்பட்ட கோடையில் ஒருவர் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு புல்தரைக்கு நீர் விட்டால் நானும் அவரை ஏசுவேன். புல்தரையை இங்கே நான் தோட்டத்தில் சேர்க்கவேயில்லை. அது வேறு ஊர்க்காரர்களின் ஆசை. நான் சொல்கிற தோட்டம் சமையலறையின் கழிவுநீரில் வாழ்கிற அளவு. அரிசி கழுவிய நீர், காய் கழுவிய நீர், கீரை அலசிய நீர். நாலு பேர் இருக்கிற வீட்டில் இவற்றைச் சேர்த்தாலே ஒரு வாளிக்குக் குறையாது. ஏ.சி. மெஷினிலிருந்து சொட்டுகிற தண்ணீர் உப்பே இல்லாத தண்ணீர். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற நீரில் உப்பு அதிகம். அதையே தினமும் ஊற்றினால் தொட்டி மண் வெள்ளை பூத்துவிடும், நல்ல நீரோடு கலந்தோ மாற்றி மாற்றியோ ஊற்ற வேண்டும். சோப்பு நீரைக் கீரைக்கு விடாதீர்கள். துவைக்கிற கல்லின் ஓரத்தில் வாழையும் கல்வாழையும் வைத்த பழைய வீடுகளில் இந்தப் பிரச்சினைக்கு விடை ஏற்கெனவே இருந்தது.

எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதைவிட எவ்வளவு தங்குகிறது என்று பார்க்க வேண்டும். மண் வெறுமையாக வெயிலைப் பார்க்கக் கூடாது. காய்ந்த இலை, கரும்புச் சோகை, தேங்காய் மட்டை, எது கிடைக்கிறதோ அதைக் கொண்டு நாலு விரல் உயரத்துக்கு மூடாக்குப் போடுங்கள். வேப்பமரம் கொட்டுகிற சருகைக் கூட்டி எரிப்பவர்கள் என் பார்வையில் பணத்தை எரிக்கிறார்கள். இன்னொரு வழி பானை. மெருகு பூசாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி, மூடி வைத்துச் சுற்றிலும் விதை ஊன்றுவது. பானையின் சுவர் வழியாக நீர் கசியும். மண் காய்ந்திருந்தால் அதிகம் கசியும், ஈரமாக இருந்தால் நின்றுவிடும். சீனாவில் கி.மு. முதல் நூற்றாண்டில் ஃபான் ஷெங்ஷி எழுதிய வேளாண் நூலிலேயே முலாம்பழத்துக்கு இந்த முறை சொல்லப்பட்டிருக்கிறது. வெளியூர் போக வேண்டியிருந்தால் இதைவிட நம்பகமான ஆள் கிடைக்கமாட்டார். பானைக்காரரிடம் புதுப்பானை கேட்காதீர்கள், கீறல் விட்டதைக் கேளுங்கள், பாதி விலைக்குத் தருவார். கீறல் வாய்ப்பக்கம் மட்டும் இருக்க வேண்டும்.

மாடியில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கான்கிரீட்டின் சூடு கீழிருந்து ஏறி வேரை வேகவைக்கும். பைகளைச் செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். கீரைக்கும் நாற்றுக்கும் பாதி வெயிலை வடிகட்டுகிற பச்சை நிழல்வலை போதும். கொடிப்பந்தல் அந்த நிழல்வலையைவிட மேல். அதன் அடியில் ஒரு கயிற்றுக்கட்டில் போட முடிந்தால், நீங்கள் தோட்டத்தின் பயனை முழுமையாக எடுத்துவிட்டீர்கள் என்பேன்.

இனி அந்தக் கிலோக் கணக்கு. “பையும் மண்ணும் வலையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கிலோ வெண்டைக்காய் உங்களுக்கு என்ன விலை விழுகிறது?” என்று கேட்கிற நண்பர் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவர் இருக்கிறார். கடையைவிட அதிகம்தான் விழுகிறது. முதல் வருடம் பல மடங்கு விழும். அவர் கேட்டது நியாயம், ஒப்பிட்ட பொருள்தான் தவறு. வெண்டை பூத்து ஐந்தாறு நாளில் பறித்தால் பிஞ்சு; இன்னும் இரண்டு நாள் விட்டால் நார். கடைக்கு வருகிற காய்க்கு எடை வேண்டும், பயணம் தாங்க வேண்டும். சுண்டுவிரல் நீளத்தில் பறிக்க எந்த விவசாயிக்கும் கட்டாது. அந்த நீளத்தில் பறித்த வெண்டையை முழுசாக எண்ணெயில் வதக்கி, உப்பும் மிளகும் மட்டும் போட்டுச் சாப்பிட்டவர் விலை கேட்கமாட்டார். ஆறு மணிக்குக் கிள்ளி ஏழு மணிக்கு அடுப்பேறிய கீரைக்கும், வாய்க்குள் போடும்போது பால் வடிகிற பிஞ்சு வெள்ளரிக்கும் சந்தையில் விலையே நிர்ணயம் ஆகவில்லை.

கொத்தவரையைப் பற்றி ஒரு சின்ன விலகல். வீட்டில் அதற்கு மரியாதை கிடையாது; பிள்ளைகள் தட்டில் ஒதுக்கிவைக்கிற காய். அதன் விதையிலிருந்து எடுக்கிற பிசின் ஐஸ்கிரீமைக் கெட்டியாக்குகிறது. அமெரிக்காவில் பாறையைப் பிளந்து எண்ணெயும் வாயுவும் எடுக்கிற கிணறுகளுக்கு அந்தப் பிசின் டன் கணக்கில் தேவைப்பட்டு, 2012 வாக்கில் ராஜஸ்தான் விவசாயிகளுக்கு அதன் விலை கனவிலும் காணாத உயரத்துக்குப் போனது. கொல்லையில் ஒரு வரிசை கொத்தவரை வைத்திருப்பவர் எண்ணெய்க் கம்பெனிகளின் கூட்டாளி என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். மிஞ்சிய காயை உப்புப் போட்டு அரைவேக்காடு வேகவைத்துக் காயவைத்தால் வற்றல். பாகல், கத்தரி, சுண்டை, மணத்தக்காளி எல்லாம் இந்த வெயிலில்தான் வற்றலாக வேண்டும், மிளகாய் மோரில் ஊற வேண்டும். செடியை வாட்டுகிறது என்று நாம் திட்டுகிற அதே வெயில், மாடியில் விரித்த வேட்டியில் மழைக்காலத்துக்கான குழம்பைத் தயார் செய்துகொண்டிருக்கிறது.

கூட வாழ்கிறவர்களுக்கும் பங்கு உண்டு. தோட்டம் முழுவதும் நமக்கே என்று நினைத்தால் நிம்மதி போய்விடும். கறிவேப்பிலைக் கன்றில் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பதைக் கிள்ளி எறியாதீர்கள். உற்றுப் பார்த்தால் அது புழு. வளர்ந்து பச்சையாகி, கூட்டுப்புழுவாகி, கறுப்பு வண்ணத்துப்பூச்சியாகப் போகும். இரண்டு இணுக்கு இலை போகும், போகட்டும். கத்தரிப்பூவில் ‘ங்ங்’ என்று உறுமுகிற கருவண்டு போன்ற பெரிய தேனீ, அந்த அதிர்வால்தான் மகரந்தத்தை உதிர்க்கிறது, பயப்பட வேண்டாம். தையல்சிட்டு அகலமான இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுவதும் இந்தப் பருவத்தில்தான். பழைய மண்சட்டியில் தண்ணீர் வைத்தால் இவையெல்லாம் வரும். அணிலும் வரும், வந்து பிஞ்சைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகும். அணிலுக்கு என்னிடம் மருந்து இல்லை. மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் உண்டு: தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பது, அடங்காவிட்டால் சில துளி சோப்புக் கரைசல் சேர்த்த வேப்பெண்ணெய். அதை வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள், நண்பகலில் அடித்தால் இலை கருகும். வெண்டை இலை நரம்பெல்லாம் மஞ்சளித்தால் அது வைரஸ், வெள்ளை ஈ பரப்புவது. அந்தச் செடியைத் தயங்காமல் பிடுங்கிவிட வேண்டும்.

எச்சரிக்கையாக ஒன்று. சுரைக்காய் சில சமயம் கசக்கும். நறுக்கும்போது ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டுக் காயைத் தூக்கி எறியுங்கள். ‘கசப்பு உடம்புக்கு நல்லது’ என்ற பேச்சு பாகலோடு நிற்கட்டும். கசக்கிற சுரையின் சாற்றைக் குடித்து இறந்துபோனவர்கள் இருக்கிறார்கள்.

இது சித்திரை. இன்னும் சில நாளில் கத்திரி தொடங்கிவிடும். பெரிதாக எதையும் புதிதாகத் தொடங்கும் காலம் இல்லை. கீரை தூவலாம், கொத்தவரை ஊன்றலாம், பந்தலுக்கு ஒரு பீர்க்கு போடலாம். ஏற்கெனவே கொடி வைத்திருப்பவர்கள் இப்போதே ஒரு நல்ல காயைத் தேர்ந்து, நூல் கட்டி அடையாளம் வைத்து, பறிக்காமல் விட்டுவிடுங்கள். வீட்டில் யாருக்கும் சொல்லிவைக்காவிட்டால் அது குழம்பில் போய்விடும். பீர்க்கும் சுரையும் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் கலகலக்க வேண்டும். பாகல் பழுத்து வெடிக்கட்டும். உள்ளே விதையைச் சுற்றி இருக்கிற சிவப்புத் தோல் இனிக்கும், விதையைத் துப்பிவிட்டுப் பிள்ளைகள் சப்பலாம். அந்த விதைகளைக் கழுவி, நிழலில் உலர்த்தி, அடுப்புச் சாம்பலோ வேப்பிலையோ போட்டு எடுத்து வையுங்கள். ஆடிக்கு வேண்டும்.

பீர்க்கு விதை கொஞ்சம் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாருங்கள், ஆளுக்கு நான்கு. ஓர் இரவு ஊறவைத்து, ஒரு தொட்டிக்கு இரண்டு வீதம் ஊன்றுங்கள். இரண்டும் முளைத்தால் இளைத்ததை மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிடுங்கள். காய் வந்தால் எனக்குக் கொடுக்க வேண்டாம், என் வீட்டிலேயே இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்தை மட்டும் நான்கு மணிக்கு வைத்துக்கொள்வோமா என்று தலைவர் யோசிக்க வேண்டும்.